டிபிஎஃப் மாத்துறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ஒயரப் பாருங்க தம்பி

தம்பி, உங்க கேள்வி கொஞ்சம் நீளமா இருந்துச்சு, அதனால முதல்ல சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. வண்டி 2020 கடைசில எடுத்த 1.5 லிட்டர் டீசல், பிஎஸ்6, 68,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. நீடாமங்கலம் பக்கம் வீடு, பிள்ளைங்கள ஸ்கூல்ல விடுறது கடைக்குப் போறதுன்னு தினம் எட்டு பத்து கிலோமீட்டர் ஓட்டம். பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துல செக் எஞ்சின் லைட் எரிஞ்சுது, வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டீங்க, மூணு வாரம் கழிச்சு டிபிஎஃப், அதான் டீசல் புகைல வர்ற கரியப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர், அதோட லைட்டும் சேந்துகிச்சு, இப்ப ஆக்சிலேட்டர மிதிச்சா இழுவையே இல்ல. ஸ்கேன் போட்டதுல பி2033, பி2463ன்னு ரெண்டு கோளாறு கோடு (code). ஒரு பட்டறைல டிபிஎஃப்பையே மாத்தணும், ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்னுட்டாங்க. இன்னொருத்தர் சென்சார் மட்டும் மாத்துனா போதும்ங்கிறாரு. யார் சொல்றது சரி அண்ணேன்னு கேட்டுருக்கீங்க.

ரெண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமா வைங்க. நான் கும்பகோணத்துல ஆட்டோ எலக்ட்ரீஷியன், எஞ்சின் பிரிக்கிற ஆளு இல்ல, ஒயரிங்கும் சென்சாரும்தான் நம்ம சோறு. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. எந்த லைட் முதல்ல எரிஞ்சுதுன்னு பாருங்க. சென்சார் கோடு முதல்ல, டிபிஎஃப் கோடு மூணு வாரம் கழிச்சு. இந்த வரிசைதான் எல்லாமே.

பி2033ன்னா என்னன்னா, சைலன்சர் லைன்ல இருக்கிற ரெண்டாவது டெம்பரேச்சர் சென்சாரோட சர்க்யூட்ல வோல்டேஜ் ஹையா இருக்குன்னு அர்த்தம். கவனிங்க, ‘சென்சார் கெட்டுப்போச்சு’ன்னு அது சொல்லவே இல்ல, ‘சர்க்யூட்’னுதான் சொல்லுது. சர்க்யூட்னா சென்சார் முனைல இருந்து அதோட ஒயர், ஒயர இணைக்கிற கப்ளர், வண்டியோட ஒயரிங், கடைசில ஈசியு, அதான் எஞ்சின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் வரைக்கும் எல்லாம் சேந்தது. பி2463ன்னா டிபிஎஃப்ல கரி அதிகமா சேந்துடுச்சுன்னு அர்த்தம். அதுவும் டிபிஎஃப் செத்துப்போச்சுன்னு சொல்லல, நிறைஞ்சுருக்குன்னு சொல்லுது. நிறைஞ்ச குப்பைத்தொட்டிக்காக யாரும் புதுத் தொட்டி வாங்குறதில்லையே, ஏன் காலி ஆகலன்னுதான பாப்போம்.

ஏன் காலி ஆகலன்னு கேட்டா, டிபிஎஃப் உள்ள சேர்ற கரிய அப்பப்ப எரிச்சு காலி பண்ணனும், அதுக்குத்தான் ரீஜெனரேஷன்னு பேரு. சுமார் 600 டிகிரி சூடு வேணும். சாதாரணமா ஓட்டும்போது டீசல் வண்டி புகை அவ்வளவு சூடு வராது, ஊருக்குள்ள ஓட்டுனா 200, 300ல நிக்கும். அதனால ஈசியு என்ன பண்ணும்னா, சிலிண்டருக்குள்ள கொஞ்சம் டீசல லேட்டா அடிச்சு விடும், அது உள்ள முழுசா எரியாம வெளிய போயி டிபிஎஃப்புக்கு முன்னாடி புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்ல எரிஞ்சு சூட்ட ஏத்தும். இப்ப யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு சூடு ஏறியிருக்குன்னு தெரியாம டீசல ஊத்திகிட்டே இருக்க முடியுமா? நெல்லு அவிக்கிற ஆலைல உமி தள்ளுற ஆளுக்கு பாய்லர் மீட்டர் வேலை செய்யலன்னா அவரு தள்ளுவாரா, கைய கட்டிகிட்டு உக்காந்துடுவாரு. ஈசியுவும் அதத்தான் பண்ணுது. டெம்பரேச்சர் சென்சார் ரீடிங் நம்பிக்கையா இல்லன்னா ரீஜெனரேஷனையே நிறுத்திடும், இல்லன்னா ஃபில்டர் உருகிடும். அப்ப கரி சேந்துகிட்டே போகும், மூணு வாரத்துல அடுத்த லைட் எரியும், அப்பறம் வண்டி தன்னக் காப்பாத்திக்க பவரக் குறைச்சுக்கும். உங்களுக்கு நடந்தது அச்சு அசலா இதுதான். 68,000 கிலோமீட்டர்ல டிபிஎஃப் ஆயுசே முடியுறது சாதாரணமா நடக்காது தம்பி. எரிஞ்ச கரிக்கு மிச்சமா ஒரு சாம்பல் சேரும், அது எரியாது, அதுதான் கடைசில ஃபில்டர நிரப்பும், ஆனா அதுக்கு இன்னும் ரொம்ப தூரம் ஓடணும்.

வண்டி வாரண்டி இருக்கான்னு முதல்ல பேப்பர எடுத்துப் பாத்துருங்க, எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுருந்தா நான் கீழ சொல்ற எதையும் கழட்டாதீங்க, ரீடிங் மட்டும் எடுத்துகிட்டு சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க.

சரி, இப்ப எப்படிப் பாக்குறது. ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் வாங்கிக்குங்க, ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் இருக்கும் பாருங்க, அதுல சொருகுனா வண்டி சென்சார் ரீடிங்கெல்லாம் போன்ல தெரியும். ரொம்ப மலிவானது சிலது டீசல் வண்டியோட எல்லா ரீடிங்கும் காட்டாது, அத மட்டும் கேட்டு வாங்குங்க. கூட ஒரு சாதாரண மல்டிமீட்டர். இந்த ரெண்டு போதும்.

காலைல எழுந்ததும், ராத்திரி முழுக்க நின்ன வண்டி, ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி லைவ் டேட்டா பாருங்க. கூலண்ட் டெம்பரேச்சர், உள்ள போற காத்து டெம்பரேச்சர், அப்பறம் எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் ஒண்ணு, ரெண்டு, மூணு. ராத்திரி முழுக்க நின்ன வண்டில இது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே நம்பரா இருக்கணும், மாசி மாசக் காலைல 24, 25ன்னா எல்லாமே அதச் சுத்தித்தான் இருக்கணும். அஞ்சு பத்து டிகிரி முன்ன பின்ன போகலாம். ஒண்ணு மட்டும் 900, 1000ன்னு காட்டுனாலோ மைனஸ் 40ன்னு காட்டுனாலோ அங்கதான் கோளாறு. ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, சில வண்டில கோடு விழுந்ததும் ஈசியு அந்த ரீடிங்க தூக்கிட்டு தானா ஒரு நம்பர போட்டுக்கும், பாக்க நியாயமான நம்பராவே இருக்கும், ஆனா எஞ்சின் ஓட ஓட அது அசையவே அசையாது. அதனால ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டுப் பாருங்க, மத்த சென்சாரெல்லாம் மெதுவா ஏறும்போது ஒண்ணு மட்டும் சிலை மாதிரி நின்னா புரிஞ்சுக்கலாம்.

அடுத்தது மீட்டர். வண்டி முழுசா ஆறி இருக்கும்போது அந்த ரெண்டாவது சென்சாரோட கப்ளர கழட்டுங்க. பெரும்பாலும் சென்சார் கேட்டலிஸ்ட்டுக்கும் டிபிஎஃப்புக்கும் நடுவுல இருக்கும், ஆனா கப்ளர் அங்க இருக்காது, ஒரு முழத்துக்கு மேல ஒயர் மேல ஏறி வந்து சூடு இல்லாத எடத்துல கிளிப்புல மாட்டிருக்கும். ரெண்டு ஒயர்தானான்னு பாருங்க. ரெண்டுக்கு மேல இருந்தா அது உள்ளயே எலக்ட்ரானிக்ஸ் வச்ச வகை, அதுல ஓம் வச்சுப் பாக்காதீங்க. ரெண்டு ஒயர்னா ரெண்டு வகை உண்டு. பிளாட்டினம் வகை, பிடி200ன்னு சொல்லுவாங்க, பூஜ்ஜியம் டிகிரில 200 ஓம் இருக்கும், சூடு ஏற ஏற ஓமும் ஏறும், நம்ம ஊரு 30 டிகிரில 223 கிட்ட காட்டும், 600 டிகிரில 600 ஓமைத் தாண்டும். இன்னொண்ணு என்டிசி வகை, அது தலைகீழ், ஆறி இருக்கும்போது ஓம் ரொம்ப அதிகம், சூடானா குறையும். இந்த என்டிசி சிலது குளிர்ல மெகா ஓம் கணக்குல போயிடும், சின்ன மீட்டர் அத ‘ஓஎல்’னு, அதாவது என்னால அளக்க முடியலன்னு காட்டும், உடனே சென்சார் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. இதுக்கு ஒரு சுலபமான வழி, அதே வண்டில இருக்கிற இன்னொரு டெம்பரேச்சர் சென்சாரையும் கழட்டி ஓம் பாருங்க. பெரும்பாலும் ஒரே வகையாத்தான் போட்டுருப்பாங்க, ரெண்டும் ஆறி இருக்கும்போது ஒரே மாதிரி காட்டணும். ஒண்ணு 222, இன்னொண்ணு ஓஎல்னா பேச்சே இல்ல, சென்சார் போச்சு.

சென்சார் நல்லா காட்டுதுன்னா வண்டிப் பக்கம் வாங்க. கப்ளர் கழண்ட நிலைல சாவிய ஆன் பண்ணி, ஒயரிங் பக்கம் இருக்கிற ரெண்டு பின்லயும் டிசி வோல்ட் வச்சுப் பாருங்க, 5 வோல்ட் கிட்ட வரணும். ஈசியு அந்த 5 வோல்ட்ட ஒரு ரெசிஸ்டர் வழியா அனுப்புது, சென்சார் அதக் கீழ இழுக்குது, எவ்வளவு இழுக்குதுங்கிறத வச்சுத்தான் சூடு கணக்கு. லைன் எங்கயாவது அறுந்தா கீழ இழுக்க ஆளில்ல, வோல்டேஜ் மேல போயி நிக்கும். அதான் ‘சர்க்யூட் ஹை’. அதுவே ஒயர் தோல் உரிஞ்சு பாடில பட்டுச்சுன்னா கீழ போயிடும், அப்ப பி2032 வரும். உங்களுக்கு 2033 வந்ததால அறுந்த கதையாத்தான் இருக்கும், அது சென்சாருக்குள்ளயா வெளியிலயாங்கிறதுதான் கேள்வி. 5 வோல்ட் வரலன்னா ஒயரிங், வந்துச்சுன்னா பெரும்பாலும் சென்சார் இல்லன்னா கப்ளர் பின்னு. பின்ன பாக்கும்போது மீட்டர் முனைய உள்ள திணிக்காதீங்க, பின் வாய் அகண்டுடும், அப்பறம் அதுவே புது லூஸ் கான்டாக்ட் ஆயிடும். பின்பக்கமா ஒயர் நுழையுற எடத்துல ஒரு குண்டூசிய ஒட்டி விட்டு அதுல வைங்க.

அப்பறம் ஆட்டிப் பாக்கணும். இதத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. மீட்டர ஓம்ல வச்சுகிட்டு சென்சார்ல இருந்து வர்ற ஒயர ஒவ்வொரு எடமா மெதுவா வளைச்சு வளைச்சுப் பாருங்க, 223, 223, 223ன்னு நிக்கிற நம்பர் ஒரு எடத்துல சடக்குன்னு ஓஎல் போயி திரும்பி வந்துச்சுன்னா உள்ள செம்பு முறிஞ்சுருக்கு. மேல தோலு நல்லாவே இருக்கும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது.

நீங்க பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. சம்பா அறுவடை. தைல இருந்து மாசி வரைக்கும் எங்கிட்ட வர்ற ஒயரிங் வேலைல பாதி எலி வேலை. வயல்ல கதிர் நிக்கிற வரைக்கும் அதுங்க வரப்புல வளை போட்டு சுகமா இருக்கும், மெஷின் இறங்கி அறுத்ததும் வீட்டுப் பக்கம் கிளம்பி வந்துடும். வைக்கோல் போர் ஓரமா வண்டிய நிப்பாட்டுனா கேக்கவே வேணாம், எஞ்சின் கதகதப்பு வேற. போன வருஷம் வலங்கைமான் பக்கத்துல இருந்து ஒரு வண்டி வந்துச்சு, இதே கோடுதான், வேற எடத்துல ஏற்கனவே புது சென்சார் மாட்டிட்டாங்க, ஆனாலும் லைட் போகல. பேட்டரி தட்டக் கழட்டுனேன், அடில ஒரு குடித்தனமே இருந்துச்சு, நெல்லுக்கதிரு, தேங்கா நாரு, ஒரு பிஸ்கட் கவரு, ஒரு சின்னப் பொண்ணோட ரிப்பன். அந்தக் கூட்டுக்குப் பக்கத்துல போற ஒயரிங்ல ரெண்டு ஒயர்ல ஒண்ணு மட்டும் பல்லு பட்டு முக்காவாசி அறுந்து, மழைத்தண்ணி இறங்கி, செம்பு பச்சையாயிருந்துச்சு. ரெண்டு இஞ்சு ஒயர், அவ்வளவுதான் வேலை. அதுக்கு அவரு ஒரு புது சென்சாருக்குக் காசு குடுத்துருக்காரு. அதனால தம்பி, கழட்டுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒயர் போற பாதை பூரா கண்ணால பாத்துருங்க.

எலி இல்லன்னா அடுத்த சந்தேகம் அடிப்பக்கம். நம்ம ஊர்ல ரோட்டுலயே உளுந்துச் செடியும் எள்ளுச் செடியும் பரப்பி வச்சுருப்பாங்க, வண்டி ஏறி ஏறித்தான் மணி உதிரணும், அதுல ஓட்டுனா செடியும் வைக்கோலும் அடில போயி சுத்திக்கும், சென்சார் ஒயரோட கிளிப்ப இழுத்து அத்துடும். கிளிப் அத்த ஒயர் தொங்கி சைலன்சர் மேல பட்டு உருகிடும். மழைக்காலத்துல வயக்காட்டு வண்டிப்பாதைல போனா களிமண்ணு கப்ளர் மேல அப்பிகிட்டு காயும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டில உப்புக்காத்துல பின்னுல பச்சை பூத்துருக்கும், கான்டாக்ட் கிளீனர் அடிச்சு தொடச்சாலே சரியாயிடுது சிலது.

ஒயர் அறுந்துருந்தா முறுக்கி டேப் சுத்துற வேலை வேணாம். வண்டிப் பக்கத்து ஒயர்னா ஈயம் வச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு பழைய பாதைலயே கட்டலாம். ஆனா சென்சார்ல இருந்தே வர்ற ஒயர், அந்த சூடு தாங்குற உறை போட்டுருக்குமே, அதுல ஒட்டுப் போடாதீங்க, ஈயம் அந்த சூட்டுல நிக்காது, அது முறிஞ்சா சென்சாரோட சேத்து மாத்த வேண்டியதுதான்.

இன்னொரு சென்சார் இருக்கு, அதையும் இத்தோட போட்டுக் குழப்புவாங்க, டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார். டிபிஎஃப்புக்கு முன்னாடி எவ்வளவு அழுத்தம், பின்னாடி எவ்வளவு, ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு பாத்து எவ்வளவு கரி சேந்துருக்குன்னு ஈசியுவுக்கு சொல்றது அதுதான். ரெண்டு ரப்பர் ஹோஸ் வரும். சாவி ஆன், எஞ்சின் ஆஃப்ல அது பூஜ்ஜியம் கிட்ட காட்டணும். எஞ்சின் ஓடாதப்பவே அழுத்தம் காட்டுனா சென்சார் பொய் சொல்லுது, கரியே இல்லாம டிபிஎஃப் நிறைஞ்சுடுச்சுன்னு லைட் போட வைக்கும். ஐடில்ல சின்ன நம்பரா இருந்து ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க சீரா ஏறி, விட்டதும் இறங்கணும். அசையவே இல்லன்னா ஹோஸ் அடைச்சுருக்கு இல்ல வெடிச்சுருக்கு, மைனஸ்ல போனா யாரோ ரெண்டு ஹோஸையும் மாத்தி சொருகிருக்காங்க. ஊதி எடுக்கணும்னா ஹோஸ சென்சார்ல இருந்து கழட்டிட்டு சைலன்சர் பக்கமா ஊதுங்க. சென்சார் பக்கம் கம்ப்ரசர் காத்து அடிச்சீங்கன்னா அங்கயே அதுக்குக் காரியம் பண்ணிடலாம். உங்களுக்கு இந்த சென்சாரோட கோடு, அதான் பி2452ல இருந்து 2455 வரைக்கும், எதுவும் வரல, இருந்தாலும் பூஜ்ஜியம் காட்டுதான்னு மட்டும் பாத்துக்குங்க, அரை நிமிஷ வேலை.

பெரிய வண்டி வச்சுருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை, ஆட்ப்ளூ, அதான் புகைய சுத்தம் பண்ற யூரியாத் தண்ணி, ஊத்துற வண்டிகளுக்கு. அதுவும் யூரியாதானே, வயலுக்கு வாங்குன மூட்டை கெடக்கேன்னு தண்ணில கரைச்சு ஊத்தலாமான்னு என்கிட்டயே மூணு பேர் கேட்டுட்டாங்க. அது 32.5 சதவீதம் சுத்த யூரியா, மிச்சம் தாது உப்பே இல்லாத தண்ணி. நம்ம வயலுக்குப் போடுற யூரியா 2015ல இருந்து பூரா வேப்ப எண்ணெய் பூசுனது, அந்த எண்ணெயும் அதுல இருக்கிற மத்த அழுக்கும் இன்ஜெக்டர அடைச்சு கேட்டலிஸ்ட்டையும் கெடுத்துடும். நெல்லுக்குப் போடுறத நெல்லுக்கே போடுங்க.

இப்ப உங்க கதைக்கு வர்றேன், சென்சார்தான் போச்சுன்னு உறுதியாயிடுச்சுன்னு வைங்க. சேஸ் நம்பர் குடுத்து வாங்குங்க. ஒரே வண்டில இருக்கிற மூணு சென்சாரும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒயர் நீளமும் கப்ளர் காடியும்தான் வேற. பழைய சென்சார் மேல இருக்கிற பார்ட் நம்பர போட்டோ எடுத்து வச்சுகிட்டு ஒத்துப்பாத்து வாங்கணும். சென்னை புதுப்பேட்டைல பழசு சீப்பா கிடைக்கும்னு யாராவது சொல்லுவாங்க, கதவு, பம்பர், கண்ணாடிக்கெல்லாம் சரி, ஆயிரம் தடவ சூடேறி ஆறுன சென்சார இன்னொரு வண்டில இருந்து கழட்டி மாட்டுறது எனக்கு உடன்பாடு இல்ல.

கழட்டுறதுதான் இந்த வேலைலயே கஷ்டம். நான் ஆரம்பத்துல ஒரு வண்டில அவசரப்பட்டு, ஓப்பன் ஸ்பேனர போட்டு நீளமா ஒரு பைப்ப சொருகி இழுத்தேன், நட்டு தலை மட்டும் கைல வந்துடுச்சு, மரை உள்ளயே நின்னுடுச்சு. அப்பறம் அந்த பைப்பையே இறக்கி லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி துளை போட்டு டேப் அடிச்சு, மூணு நாள், என் கைக்காசு. அதுக்கப்பறம்தான் பொறுமை வந்துச்சு. முந்தின நாள் சாயந்தரமே மரை மேல துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. மறுநாள் எஞ்சின அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டு, கை சுடாத அளவுக்கு ஆறுனதும், ஆனா கதகதப்பு இருக்கும்போதே கழட்டுங்க. முழுசா ஆறுன இரும்பு பிடிச்சுக்கும், கொதிக்கிற இரும்புல கை வச்சா தோல் போயிடும், மரையும் உரிஞ்சுடும், நடுவுல ஒரு பதம் இருக்கு. வண்டிய ஜாக்கில மட்டும் நிப்பாட்டிட்டு அடில போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க, இல்லன்னா பட்டறை குழில வச்சு செய்ங்க.

நிறைய வண்டில 17 நம்பர் நட்டு வரும், உங்களோடத அளந்து பாத்துக்குங்க. ஒயர் நடுவுல போறதால ரிங் ஸ்பேனர் நுழையாது, பக்கத்துல வெட்டு விட்ட சென்சார் சாக்கெட் இல்லன்னா பிரேக் லைனுக்குப் போடுற வெட்டு ரிங் ஸ்பேனர் வேணும். எப்படியும் மாத்தப்போற சென்சார்தானேன்னு ஒயர வெட்டிட்டு சாதாரண டீப் சாக்கெட் போடுறவங்களும் உண்டு, அது தப்பில்ல, ஆனா புது சென்சார் கைல வந்து ஒத்துப்பாத்ததுக்கு அப்பறம் வெட்டுங்க. முதல்ல இளக்காதீங்க, துளி இறுக்குங்க. ‘டிக்’குன்னு ஒரு சத்தம் வரும், துரு விட்டுச்சுன்னு அர்த்தம். அப்பறம் கால் சுத்து இளக்கி, திரும்ப கொஞ்சம் இறுக்கி, ஆயில் அடிச்சு, திரும்ப அரை சுத்து. கிறீச்சுன்னு கத்துனா நிறுத்திடுங்க, ஆயில் இறங்கட்டும், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நட்டு மட்டும்தான் சுத்தணும், நடுவுல இருக்கிற கம்பியும் ஒயரும் கூடவே சுத்தக்கூடாது.

புதுசு மாட்டும்போது மரைல சூடு தாங்குற ஆன்டி சீஸ் பேஸ்ட், அதான் மரை பிடிச்சுக்காம இருக்கப் போடுறது, லேசா தடவுங்க, நிறைய சென்சார்ல கம்பெனியே தடவி அனுப்பிடும், அப்ப திரும்ப தடவ வேணாம். முனைல ஒரு துளி கூடப் படக்கூடாது. கையாலயே கடைசி வரைக்கும் சுத்திட்டு, அப்பறம் டார்க் ரெஞ்சு. சாதாரணமா 30ல இருந்து 45 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க வண்டி மேனுவல்ல இருக்கிற நம்பர்தான் கணக்கு. கீழ விழுந்த சென்சார மாட்டாதீங்க, வெளிய நல்லா இருந்தாலும் உள்ள விரிசல் விட்டுருக்கும். ஒயர பழைய கிளிப்புலயே மாட்டுங்க, கிளிப் உடஞ்சுருந்தா புதுக் கிளிப் போடுங்க, பிளாஸ்டிக் டேக சைலன்சர் பக்கத்துல கட்டுனா ஒரு வாரத்துல உருகி ஒயர் திரும்ப தொங்கும்.

கோட அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா சென்சார் கோடு திரும்பி வராது, ஆனா டிபிஎஃப் லைட் உடனே அணையாது, கரி உள்ளயேதான இருக்கு. கரி அளவு ஓரளவுன்னா ரோட்டுலயே எரிச்சுடலாம். தஞ்சாவூர்ல இருந்து திருச்சி நாலு வழிச்சாலைல ஒரு தடவ போயிட்டு வாங்க, டேங்க்ல கால்வாசிக்கு மேல டீசல் இருக்கணும், ஆர்பிஎம் 2000க்கு மேல சீரா வச்சு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் நிப்பாட்டாம ஓட்டுங்க. டாங்கிள்ல பாத்தா எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் 600 கிட்ட ஏறுறது தெரியும், அப்ப எந்தக் காரணத்துக்காகவும் ஆஃப் பண்ணாதீங்க. பவரே இல்லாத அளவுக்கு நிறைஞ்சுருந்தா, உங்களுக்கு அப்படித்தான் தோணுது, பட்டறைல ஸ்கேனர் போட்டு நின்ன எடத்துலயே ரீஜெனரேஷன் பண்ண வைப்பாங்க, அதுக்கு எவ்வளவு கரி வரைக்கும் அனுமதிக்கும்னு ஈசியு தானே முடிவு பண்ணும். அது முடியலன்னாதான் டிபிஎஃப்ப இறக்கி கிளீன் பண்றது, அதுவும் முடியலன்னாதான் மாத்துறது.

ரீஜெனரேஷன் ஓடும்போது, ஓடி முடிச்ச உடனேயும், களத்துமேட்டுலயோ வைக்கோல் மேலயோ வண்டிய நிப்பாட்டிடாதீங்க. இத சும்மா பயமுறுத்த சொல்லல. அடில 600 டிகிரி புகை ஓடுற இரும்பு, கீழ காஞ்ச வைக்கோல். ரோட்டுல வைக்கோல் பரப்பிருந்த எடத்தத் தாண்டி வந்தீங்கன்னா, ஹைவே போறதுக்கு முன்னாடி ஒரு தடவ குனிஞ்சு பாத்து சுத்திருக்கிறத இழுத்துப் போட்டுட்டுப் போங்க.

எஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கையும் பாருங்க. பாதில நின்ன ரீஜெனரேஷன் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் டீசல் ஆயில்ல இறங்கும், ஆயில் அளவு மேல்கோட்டுக்கும் மேல ஏறி டீசல் வாசம் அடிச்சா மாத்திடுங்க, நல்லா இருக்கேன்னு ஓட்டாதீங்க. மாத்தும்போது பிஎஸ்6 டீசலுக்கான சாம்பல் குறைஞ்ச ஆயில், சி3ன்னு டப்பால போட்டுருப்பாங்க, மேனுவல் எது சொல்லுதோ அது. டிராக்டருக்கு ஊத்துற ஆயில் வீட்டுல இருக்குன்னு ஊத்துனா அந்த சாம்பல் நேரா டிபிஎஃப்புக்குத்தான் போகும்.

டிபிஎஃப் உள்ள இருக்கிறத குடைஞ்சு எடுத்துட்டு சாஃப்ட்வேர்ல ஏமாத்திடலாம், பத்தாயிரத்துல முடியும்னு ஒருத்தர் சொன்னார்னு கடைசில எழுதிருந்தீங்க. வேணாம். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்பறம் புகை மீறலுக்கு முதல் தடவையே பத்தாயிரம் வரைக்கும் அபராதம், ஜெயிலும் போடலாம். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் புகைய முதல்ல குடிக்கிறது பின் சீட்டுல ஸ்கூல் பையோட இறங்குற உங்க பிள்ளைங்கதான்.

நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த மூணு எக்ஸாஸ்ட் டெம்பரேச்சரும் கூலண்ட் டெம்பரேச்சரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, கப்ளர் கழட்டி ஓம் பாத்தீங்கன்னா அதையும். அப்படியே பேட்டரி தட்டுக்கு அடில ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாருங்க, கூடு இருந்தா அதையும் ஒரு போட்டோ.